அமிர்தியில் குதித்தவர்

ஆம்பூரில் ஜெயதுரை ரசிகர்கள் இன்னும் இருக்கிறார்கள். நடிகர் ஜெயதுரை போய்ச் சேர்ந்து எவ்வளவோ காலமாகிவிட்டது. அவர் படத்துக்கு வரிசையில் நின்று சட்டை கிழித்துக்கொண்டவர்களுக்கு முட்டி தேய்ந்து, பல் கொட்டி, பேரன் பேத்தி எடுத்தாயிற்று. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டேஷன் ரோட்டு டீக்கடை பெஞ்சுக்கு அவர்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்தால், அடுத்த வெள்ளிக்கிழமை புதுப்படம் வரப்போகிறது என்றுதான் நினைப்பீர்கள்.

பேச்சு எப்போதும் ஒன்றுதான். எந்தக் காட்சியை எங்கே எடுத்தார்கள் என்பது. கத்திச்சண்டை வேலூர் கோட்டை அகழிக்கரையில் எடுத்ததா, மெட்ராஸ் ஸ்டுடியோவில் அட்டைக் கோட்டை கட்டி எடுத்ததா? ரயில் பாட்டு விண்ணமங்கலம் பக்கமா, காட்பாடிக்கு அந்தப் பக்கமா? ஆலங்காயம் ரோட்டில் கார் துரத்தும் காட்சியில் ஓரமாக ஒரு புளியமரம் வரும். அந்த மரம் எது என்ற சண்டையில் இரண்டு பேர் ஒரு வருஷம் பேசாமல் இருந்தார்கள். கடைசியில் மரத்தையே வெட்டிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகு ராசியானார்கள்.

இந்தச் சண்டைகள் எதிலும் சேராமல் நடுபெஞ்சில் உட்கார்ந்திருப்பவர் சம்பத். கடைத்தெருவில் லுங்கிக்கடை வைத்திருந்தவர், இப்போது கடையை மகன் பார்க்கிறான். குடியாத்தத்தில் தறி ஓட்டிய குடும்பம். அப்பா மூட்டை கட்டிக்கொண்டு ஆம்பூருக்கு லுங்கி விற்க வந்து இங்கேயே தங்கிவிட்டார். டீ முதலில் சம்பத்துக்குத்தான் வரும். காரணம், ஜெயதுரை அமிர்தி அருவிக்குப் பக்கத்துப் பாறையிலிருந்து கீழே மடுவில் குதிக்கும் காட்சி ஒன்று உண்டு. அந்த நாளில் அதற்கு விசில் அடிக்காத வாய் இல்லை. குதித்தது ஜெயதுரை இல்லை. அவருக்கு நீச்சல் தெரியாது. அவர் சட்டையைப் போட்டுக்கொண்டு குதித்தது சம்பத். அப்படித்தான் ஊரே சொல்கிறது.

வருஷா வருஷம் ஜெயதுரையின் நினைவு நாளுக்கு வேன் பிடித்து அமிர்திக்குப் போவார்கள். பாறைமேல் நடிகர் படத்தை வைத்து மாலை போடுவார்கள். அடுத்த மாலை சம்பத்துக்கு. 'குதிக்கறப்ப எப்டி இருந்துச்சு?' என்று யாராவது கேட்க வேண்டும், அதுவும் சடங்கில் சேர்த்திதான். சம்பத் சொல்வார்: "மொதல்ல ஒண்ணும் தெரியல. தண்ணிக்குள்ள போனதும் நெஞ்சு அடைக்கிற மாதிரி சில்லுன்னு. கண்ணத் தொறந்தா பச்சையா இருந்துச்சு." வார்த்தை மாறாது. கேட்டவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் புரிந்ததில்லை. தியேட்டரில் அந்தக் காட்சி வரும்போதெல்லாம் சம்பத் தலையைக் குனிந்துகொள்வார். அடக்கமான மனுஷன் என்று பேர் வாங்கியது அதனால்தான்.

அடக்கமாவது ஒன்றாவது. வெட்கம்.

நடந்தது இதுதான். சம்பத்துக்கு ஒரு தோஸ்த். பேர் ஜான் பாஷா. தோல் பதனிடும் ஷாப்பில் பட்டைக் குழி வேலை. ஆவாரம்பட்டை ஊறும் குழியில் இறங்கித் தோலைப் புரட்டிப் புரட்டிப் போட வேண்டும். இரண்டு பேரும் டிக்கெட் வரிசையில் சிநேகிதமானவர்கள். மெட்ராஸிலிருந்து கம்பெனி வந்து அமிர்தியில் படம் எடுக்கிறது என்று தெரிந்ததும் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தார்கள். குதிக்க வேண்டிய ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். கூட்டத்தில் நின்ற சம்பத்தின் தோளும் உயரமும் ஜெயதுரைக்குச் சரியாக இருந்தன. நீந்தத் தெரியுமா என்று கேட்டார்கள். கிணற்றில் நீந்திய தைரியத்தில் தெரியும் என்றான். சட்டையும் போட்டுவிட்டார்கள்.

பாறை நுனிக்குப் போய்க் கீழே பார்த்தான். அவ்வளவுதான், கால் கட்டையாகிவிட்டது. டைரக்டர் கத்தினார். கேமராக்காரர் வெயில் போகிறது என்று தலையில் அடித்துக்கொண்டார். சம்பத் சட்டையைக் கழற்றி ஜான் பாஷாவின் கையில் திணித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். கம்பெனி பஸ்ஸுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டான். ஏறக்குறைய அதே உயரமாக இருந்த ஜான் பாஷாதான் குதித்தான். கைதட்டல் மட்டும்தான் சம்பத்தின் காதில் விழுந்தது. நெஞ்சு அடைத்ததும் தண்ணீர் பச்சையாக இருந்ததும், திரும்பி வரும் பஸ்ஸில் ஜான் பாஷா பல் கிட்டிக்க நடுங்கிக்கொண்டே சொன்னவை.

அந்தப் பொய் கெட்ட எண்ணத்தில் பிறந்ததில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். ஜான் பாஷாவின் அப்பா லியாகத் அலி, பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினார். சினிமாக் கொட்டகை இருக்கும் தெருப் பக்கமே தலை வைத்துப் படுக்காதவர். படம் வெளியானதும், மகன் அமிர்திக்குப் போனதை யாரோ அவர் காதில் போட்டுவிட்டார்கள். மனுஷர் நேராக லுங்கிக்கடைக்கு வந்து நின்றார். பின்னால் ஜான் பாஷா, முகத்தில் ரத்தமே இல்லை.

"இவன் உன்கூட வந்தானா?" என்றார்.

"இல்ல பாய். நான்தான் போனேன். குதிச்சதும் நான்தான். இவன் குழியில வேலையா இருந்தான்" என்றான் சம்பத்.

சொன்ன அன்றைக்கு அது உதவி. ஒரு சிநேகிதனைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவன் நிம்மதியாகச் சாப்பிட்டான். ஆனால் கடையில் நின்ற நாலு பேர் காதிலும் அது விழுந்தது. அந்த வாரமே ஊர் பூராவும் பரவியது. தெருவில் போனால் கை காட்டினார்கள். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன வீட்டில் தனபாக்கியம் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்ததுகூட அமிர்திக்காரரைத்தான். மோதினார் காலமானபோது சொல்லியிருக்கலாம். ஜான் பாஷா கேட்கவில்லை, சம்பத் சொல்லவில்லை. பிறகு மாலை பழகிவிட்டது. ஜான் பாஷாவும் அதே பெஞ்சில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு, சம்பத் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஒரு தடவைகூட முகம் மாறியதில்லை. மாறியிருந்தால் சம்பத்துக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

போன மாசம் கார்முகிலன் பெஞ்சுக்கு ஓடி வந்தான். ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், வயதில் எல்லோருக்கும் இளையவன், ரசிகர் மன்றத்தின் செயலாளர். அந்தப் படத்தைப் புதுசாகச் சுத்தம் செய்து மறுபடி வெளியிடுகிறார்களாம். செல்போனில் ஒரு துண்டு காட்டினான்.

"பாருங்கண்ணா, தாடி முடி ஒண்ணொண்ணும் தெரியுது. நம்ம ஊர்ல ஞாயித்துக்கெழம காலையில தனி ஷோ பேசிட்டேன். நீங்க குதிக்கற எடத்துல படத்த நிறுத்தச் சொல்லியிருக்கேன். மைக் குடுப்போம், நீங்க பேசணும்."

சம்பத் அன்றைக்கு டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார். இத்தனை நாள் அந்தக் காட்சியில் தெரிந்தது மங்கலாக ஒரு முதுகு. இப்போது முடி முடியாகத் தெரியுமென்றால் அது யார் முதுகு என்றும் தெரிந்துவிடாதா? வீட்டுக்கு வந்தவர் முட்டிவலி என்று படுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமையும் எழுந்திருப்பதாக இல்லை.

"ஊரே வருது, நீங்க மட்டும் படுத்துக்கினா இன்னா அர்த்தம்?" என்று தனபாக்கியம் வேட்டியை எடுத்து வைத்தாள். அவளுக்குச் சந்தோஷம். புதுப்புடவை கட்டியிருந்தாள். அவளைப் பார்க்கவே சம்பத்துக்குக் கூசியது.

கூட்டிப்போக வந்தது ஜான் பாஷா. ஹஜ் போய் வந்த பிறகு அவர் சினிமாவை விட்டுவிட்டார். இன்றைக்கு மட்டும் வருகிறேன் என்று வந்திருந்தார். சம்பத் வாசலிலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தெரிஞ்சிடும்டா" என்றார் மெதுவாக.

"இன்னா தெரியும்? முதுகுதான. முதுகுல பேரா எழுதி வெச்சிருக்கு? சும்மா பேஜார் பண்ணாம வா."

தியேட்டர் நிறைந்திருந்தது. வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் வேலை செய்தவர்கள். வாசலில் பேனர் கட்டியிருந்தார்கள், ஜெயதுரை படத்துக்குப் பக்கத்தில் அதே அளவுக்குச் சம்பத்தின் படம். முன்வரிசையில் தனபாக்கியம், சம்பத், ஜான் பாஷா, பெஞ்சிலே மூத்தவரான ரஷீத் அஹமது. ரஷீத் பாய் ஆயுசு முழுக்கத் தோல் ஷாப்பில் மேஸ்திரியாக இருந்தவர்.

அருவி வந்தது. அரைக்கைச் சட்டையோடு ஒருத்தன் பாறை நுனியில் முதுகைக் காட்டி நின்றான். இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினான். கார்முகிலன் கையைக் காட்ட, படம் நின்றது. விளக்குப் போட்டார்கள். விசில் காதைப் பிளந்தது. சம்பத் வழக்கம்போலக் குனிந்திருந்தார்.

விசில் தானாகவே அடங்கியது. ஏதோ சரியில்லை என்று சம்பத் நிமிர்ந்து பார்த்தார்.

முதுகில் ஒன்றும் இல்லை. கை. அன்றைக்கு மேக்கப்காரர் பிடரியிலும் கழுத்திலும் பவுடர் அடித்துவிட்டுக் கையை மறந்துவிட்டார். பழைய பிரிண்டில் நிழல் மாதிரி கிடந்தது இப்போது பளிச்சென்று தெரிந்தது. விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் ஆவாரம்பட்டைக் கறை. சோப்புப் போட்டாலும் போகாத அந்தப் பழுப்பு நிறம் வேறு ஊரில் யாருக்கும் ஒன்றும் சொல்லாது. ஆம்பூர் தியேட்டரில் அதற்கு விளக்கம் வேண்டியதில்லை. தறிக்காரன் கையில் சாயம் ஏறும், உண்மைதான். ஆனால் அது இந்த நிறம் இல்லை.

ரஷீத் பாய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இது பட்டைக் குழிக் கையாச்சே" என்றார். கெட்ட எண்ணமில்லாமல்தான் கேட்டார். "சம்பத்து, நீ லுங்கி யாவாரம்தான? குழியில எப்ப எறங்கின?"

தனபாக்கியம் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். செத்துவிடலாம் போலிருந்தது சம்பத்துக்கு. சொல்லிவிடுவோம் என்று வாயைத் திறந்தார். அதற்குள் பக்கத்திலிருந்து ஜான் பாஷாவின் குரல் வந்தது.

"அப்ப ரம்ஜான் மாசம் ரஷீத் பாய், குழியில ஆள் கம்மி. நான்தான் கூப்ட்டேன். கொஞ்ச நாள் என்கூட வேல பார்த்தான்."

"அப்டியா" என்றார் ரஷீத் பாய். ஹாஜி சொன்ன பிறகு கேள்வி இல்லை. தியேட்டர் மூச்சு விட்டது. விசில் முன்னைவிடப் பலமாகக் கிளம்பியது. கார்முகிலன் ஒரு கையில் மைக்கும் ஒரு கையில் மாலையுமாக வந்து மாலையைச் சம்பத்தின் கழுத்தில் போட்டான்.

இனி உண்மையைச் சொல்லவும் வழியில்லை. சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் ஜான் பாஷா பொய்யர். மெக்காவுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்த வாயால், கேட்காமலே, இந்தக் கோழைக்காக ஒரு பொய். சம்பத்துக்கு மாலை கழுத்தை அறுத்தது.

"பேசுங்கண்ணா. குதிக்கறப்ப எப்டி இருந்துச்சு?"

மைக்கை வாங்கினார். அந்தப் பழைய வார்த்தைகள் வரவில்லை. மைக்கை ஜான் பாஷாவிடம் நீட்டினார்.

ஜான் பாஷா சிரித்தார். மைக்கைக் கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எழுந்தார்.

"நானும் அன்னிக்கி அங்கதான் இருந்தேன். எங்கப்பாவுக்குத் தெரியக் கூடாதுன்னு வெளிய சொல்லல. சொல்லப்போனா மொதல்ல என்னைத்தான் குதிக்கச் சொன்னாங்க. எனக்கு பயம். சட்டையக் கழட்டி இவன் கையில குடுத்துட்டேன்."

தியேட்டர் சிரித்தது. 'பாஷா பாய், நீங்களா பயந்தீங்க?' என்று யாரோ கேட்டார்கள்.

"பயந்தது ஒண்ணும் தப்பில்ல. மேல நின்னு பாத்தா எவனுக்கும் வரும். இவன் குதிச்சான். மேல வந்து தலைய ஒதறிட்டு, மொதல்ல கரையில என்னைத்தான் தேடுனான். அத்தினி பேரு கை தட்டறாங்க, நான் மட்டும் இல்ல. பஸ்ஸுக்குப் பின்னால போய் உக்காந்துட்டேன். இருந்து பார்த்திருக்கலாம். தோஸ்த்து குதிக்கறான். கரையில நின்னு பாக்கக்கூட இல்ல நான். அதான் எனக்கு இன்னிவரைக்கும் ஒரு மாதிரி."

கை தட்டினார்கள். நல்ல மனுஷன், தன் குறையைத் தானே சொல்கிறார் பார் என்று பின்வரிசையில் பேசிக்கொண்டார்கள். ஜான் பாஷா மைக்கைக் கார்முகிலனிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். சம்பத் பக்கம் அவர் திரும்பவில்லை.

இத்தனை காலம் மாலையைத் திருடிவிட்டோம் என்றுதான் சம்பத் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தார். ஜான் பாஷாவுக்கு மாலை ஒரு பொருட்டே இல்லை. அவர் மனசில் கிடந்தது வேறு. அதையும் அவர் தன் தலையிலேயே போட்டுக்கொண்டு சொல்லியிருக்கிறார்.

விளக்கு அணைந்தது. நின்றிருந்த படம் ஓடத் தொடங்கியது. கறை படிந்த இரண்டு கைகளும் உயர்ந்தன. முதுகு வளைந்தது. ஒல்லியான ஒரு பையன் பாறையை விட்டு எழும்பி, காற்றில் ஒரு கணம் நின்று, கீழே மடுவுக்குள் போனான். தண்ணீர் தெறித்தது. மேலே வந்து தலையை உதறினான். கரைப் பக்கம் முகத்தைத் திருப்பப் போகும்போது காட்சி மாறியது.

சம்பத் இந்தத் தடவை குனியவில்லை. முழுசும் பார்த்தார்.