நாற்பது விநாடி

உள்ளங்கைகளைப் பரபரவென்று தேய்த்து, தன் கழுத்தின் இரண்டு பக்கமும் வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். சில்லென்றிருந்தால் இன்னும் நாலு தேய்ப்பு. கழுத்து ‘சரி’ என்ற பிறகுதான் அந்தக் கை நோயாளியின் மேல் படும். வாய்க்கு அப்படி எந்தக் கட்டுப்பாடும் கிடையாது. அது வார்டுக் கதவைத் தாண்டும்போதே தொடங்கிவிடும்.

“என்னய்யா, நல்லாத் தூங்கினீங்களா? மழை வர்ற மாதிரி பாவலா காட்டிட்டுப் போயிடுச்சு. நம்ம வாட்ச்மேன் மட்டும் இன்னும் குடையை விரிச்சுக்கிட்டு நிக்கிறாரு. மூடுங்கன்னா, ‘எதுக்கும் இருக்கட்டும்’கிறாரு. இந்தக் காலைக் கொஞ்சம் என் பக்கம் அனுப்புங்க பாப்போம்.”

பேச்சோடு பேச்சாக, கட்டில் சட்டத்தில் ஒரு முழங்காலை முட்டுக்கொடுத்து, தொண்ணூறு கிலோ மனிதரைப் புத்தகத்தில் பக்கம் புரட்டுவதுபோல் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிடுவாள். அவளுடைய எடை ஐம்பதைத் தாண்டாது. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று, குதிகாலுக்கு அடியில் சுருட்டிய துண்டு.

பக்கவாத நோயாளிகளின் வார்டில் பத்தொன்பது வருஷமாக உதவியாளர் வேலை. பெயர் சம்பளச் சீட்டில் இருக்கிறது. மற்ற இடங்களில் எல்லாம் ‘ரேடியோ அக்கா’. நர்சுகள் அவளைக் கண்ணால் தேடுவதில்லை, காதால் தேடுகிறார்கள். சீருடைப் பையில் நகவெட்டி, சீப்பு, மூக்குக்கண்ணாடி துடைக்க ஒரு மெல்லிய துணி. “கண்ணு தெளிவாத் தெரிஞ்சாலே பாதி வியாதி போச்சு” என்பது அவள் வைத்தியம். நாலாம் நம்பர் தள்ளுவண்டியின் கோணல் சக்கரத்தோடு அவளுக்குப் பத்து வருஷப் பகை. அதைத் திட்டுவதற்கென்றே தனியாக ஒரு குரல் வைத்திருக்கிறாள்.

இன்னொரு விசேஷமும் உண்டு. அழ வேண்டிய இடத்திலும் கோபப்பட வேண்டிய இடத்திலும் அவளுக்குச் சிரிப்புத்தான் வரும். குடல்வால் அறுவை முடிந்து வலி தாங்காமல் அவள் சிரித்த சிரிப்பைப் பார்த்து, பக்கத்துக் கட்டில்காரி தனக்கும் அதே மருந்தைக் கொடுக்கச் சொல்லி நர்சிடம் சண்டை பிடித்தாளாம்.

அதனால், பயிற்சிப் பிரிவின் ஜன்னலில் மதிப்பெண் தாளை வாங்கிப் பார்த்ததும் அவள் விழுந்து விழுந்து சிரித்ததில் ஆச்சரியமில்லை. தாளைக் கொடுத்த குமாஸ்தா பாவம், அதை நம்பிவிட்டார். “வாழ்த்துக்கள் அக்கா! ஸ்வீட் எப்போ?” என்றார்.

தாளில் இருந்தது ஐம்பத்தெட்டு. கிரேடு ‘சி’.

அறுபதோ அதற்கு மேலோ வாங்கினால் ‘பி’. மருத்துவமனையின் புது விதிப்படி, உதவியாளர்கள் எல்லோரும் ஆறு மாதப் பயிற்சி முடித்து ‘பி’யாவது வாங்க வேண்டும். வாங்காதவர்கள் நோயாளிகளைத் தொடக்கூடாது. கட்டடத்தின் அடித்தளத்தில் உள்ள பதிவேட்டு அறைக்குப் போய் ஃபைல் வண்டி தள்ள வேண்டும். சம்பளத்தில் ஒரு பைசா குறையாது. “அதை என்னமோ நல்ல சேதி மாதிரி சொல்றாங்க. ஃபைலு என்ன, ‘அக்கா, தண்ணி’ன்னு கேக்குமா?”

தேர்வு ஒரு பொம்மையிடம் நடந்தது. ஆள் உயர ரப்பர் பொம்மை. இடது கை கொஞ்சம் லொடலொட. மற்றவர்களுக்கு அது பொம்மை. அக்காவுக்கு அவர் ‘பெரியவர்’. பதினான்கு படிகள், ஐந்து நிமிஷம். கை கழுவுவதில் தொடங்கி, நோயாளியைத் திருப்பிப் படுக்கவைத்துப் போர்த்திவிடுவதோடு முடியும். அவள் மதிப்பெண் தாளில் பயிற்சி அதிகாரி சிவப்பு மையில் மூன்று குறிப்பு எழுதியிருந்தார்.

தன்னை நோயாளியிடம் அறிமுகப்படுத்திக்கொள்ளவில்லை என்பது முதல் குறிப்பு. “ஆறு மாசமா தினம் அவருக்கு மூஞ்சி துடைச்சு விட்டிருக்கேன். இப்பப் போயி ‘வணக்கம், நான் இன்னார்’னு நின்னா, இவளுக்கு என்ன மறதி வியாதியான்னு நினைக்க மாட்டாரா?” பொருத்தமற்ற பேச்சு என்பது இரண்டாவது. மகள் நெற்றி முடியைத் தானே கத்திரித்துக்கொண்டு வந்து நின்ற கோலத்தை அவள் பெரியவரிடம் விவரித்திருந்தாள். இந்த இரண்டுக்கும் அங்கே இங்கே வெட்டியதுபோக, மூன்றாவதுதான் அடிமடியில் கை வைத்தது: ‘அனுமதி கேட்டபின் நாற்பது விநாடி வீண் தாமதம். மொத்த நேரம் ஐந்து நிமிஷத்தைத் தாண்டியது. நேர ஒழுங்கு: பத்துக்குப் பூஜ்யம்.’

“நாள் பூரா தொணதொணன்னு பேசுறவ, வாழ்க்கையில ஒரு நாப்பது விநாடி வாயை மூடினேன். அதுக்குப் போயி வெட்டியிருக்காங்க பாரு!” என்று படிக்கட்டில் உட்கார்ந்து மறுபடி சிரித்தாள்.

வீட்டுக்காரர் குளிர்பெட்டி பழுதுபார்ப்பவர். மோட்டார் சத்தத்தை வைத்தே கோளாறு கண்டுபிடிக்கிறவருக்கு மனைவியின் சிரிப்பா பிடிபடாது? அவள் செருப்பைக் கழற்றுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இது சரியான ஓட்டம் இல்லையே. எங்கயோ கேஸ் லீக் ஆகுது. என்ன ஆச்சு?”

“ஐம்பத்தெட்டு.”

“எத்தனைக்கு?”

“உங்க வயசுக்கா போடுவாங்க? நூத்துக்குத்தான்.”

கல்லூரியில் படிக்கும் மகள் தாளைப் பிடுங்கிப் பார்த்தாள். “ஏம்மா, ‘ஏ’ வாங்கினவங்க எப்படித்தான் பண்ணாங்க?”

அக்கா எழுந்து நின்று, பக்கத்து வார்டுப் பெண் செய்ததைச் செய்துகாட்டினாள். கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில்: “வணக்கம்-ஐயா-நான்-உங்க-உதவியாளர்-உங்களைத்-திருப்பலாமா-நன்றி! அவ்வளவுதான். பெரியவர் ‘ம்’னு சொல்றதுக்குள்ள சுவத்தப் பாத்துக் கிடந்தாரு.”

“அம்மா, அது பொம்மை. அது ‘ம்’னே சொல்லாது.”

“பொம்மைன்னு நினைச்சுச் செய்யுங்கன்னு சொல்லியிருந்தா செஞ்சிருப்பேனே. நோயாளின்னு நினைச்சுச் செய்யுங்கன்னாங்க. நினைச்சுட்டேன்.”

அவள் வார்டில் பாதிப்பேருக்குப் பேச்சு கிடையாது. திருப்பட்டுமா என்று கேட்டால் பதில் ஒரு புருவத்திலிருந்து வரும், அல்லது ஒரு கால்விரலிலிருந்து. சாவகாசமாக வரும். பத்தொன்பது வருஷத்தில் அதற்கு அவளிடம் ஒரு கணக்கு இருந்தது. “பத்து எண்ணினா யாருக்கும் வராது. இருபதுல சில பேருக்கு வரும். நாப்பதுல அநேகமா எல்லாருக்கும் வந்துடும். அதுக்கு முன்னாடி திருப்பினா, அது மனுசனைத் திருப்புறது இல்ல, மூட்டையைத் திருப்புறது.”

மகள் அன்றைக்கே மேல்முறையீட்டுக் கடிதம் எழுதினாள். ‘ஐயா, தங்களின் ஒருதலைப்பட்சமான மதிப்பீடு என் நெஞ்சத்தைப் பிளந்தது’ என்று தொடங்கியது. “நெஞ்சைப் பிளந்தா ஐ.சி.யு.வுக்கு அனுப்பிடுவாங்கடி” என்று அதைக் கிழித்துவிட்டு, அக்கா தானே நாலு வரி எழுதினாள். ‘முதல் இரண்டு குறிப்புகளும் சரியே. மூன்றாவது சரியில்லை. அதை நேரில் செய்துகாட்ட அனுமதி வேண்டும்.’

ஒரு வாரம் கழித்து வரச்சொல்லிப் பதில் வந்தது. அந்த வாரம் அந்த வீட்டில் நிம்மதியாக யாரும் கட்டிலில் படுக்க முடியவில்லை. வீட்டுக்காரர் சாய்ந்தால் போதும், மனைவி கழுத்தில் கை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டு வந்துவிடுவாள். மகள் செல்போனில் விநாடி ஓடவிடுவாள்.

“இடது பக்கமாத் திருப்பிவிடட்டுமா ஐயா?”

“ஒரு டீ குடிச்சிட்டு நானே திரும்பிக்கிறேன்.”

“அப்பா! உங்களுக்குப் பேச்சு வராது!”

“இந்த வீட்டுல எனக்கு என்னைக்குப் பேச்சு வந்துச்சு?”

மூவரும் சிரித்த சிரிப்பில் நாலாம் நாள் கட்டில் பலகை படக்கென்று முறிந்தது. நோயாளி நடு வழியில் இறங்கிவிட்டார்.

இடையில் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் அக்கா லிஃப்டில் அடித்தளத்துக்குப் போய்ப் பதிவேட்டு அறையை எட்டிப் பார்த்தாள். வரிசை வரிசையாக இரும்பு அலமாரி, கண் சிமிட்டும் டியூப்லைட். “என்ன, எல்லாரும் சௌக்கியமா?” என்று கேட்டாள். நாற்பது எண்ணும்வரை நின்றாள். பிறகு லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்காமல் படியேறி வந்துவிட்டாள். அன்று மாலைவரை வார்டில் ரேடியோ ஓடவில்லை. மருந்து மாறிப்போச்சோ என்று நோயாளிகளின் உறவுக்காரர்கள் கவலைப்பட்டார்கள்.

குறித்த நாளில் பயிற்சி அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் பயிற்சி அதிகாரி: சின்ன வயசு, கஞ்சி போட்ட சட்டை, கழுத்தில் விசில் மாதிரி தொங்கும் ஸ்டாப்வாட்ச். இன்னொருவர் தலைமை நர்ஸ். அவர் சிரித்துப் பார்த்ததாகச் சொல்லிக்கொள்ள அந்த மருத்துவமனையில் சாட்சி கிடையாது.

“இதுல தனிப்பட்ட விரோதம் ஒண்ணும் இல்லம்மா” என்றார் அதிகாரி. “நேரம்னா நேரம். உங்களுக்குன்னு தனி கடிகாரம் வைக்க முடியுமா?”

“வேண்டாம் சார். வாயாடினதுக்கு இன்னும் ரெண்டு மார்க்கு வெட்டினாலும் நான் ஏன்னு கேக்க மாட்டேன். அந்த நாப்பது விநாடியை மட்டும் விடமாட்டேன்.”

செய்துகாட்டலாம் என்றால் பெரியவரைக் காணவில்லை. லொடலொட கை ஒருவழியாகக் கழன்றுவிட்டதால் பழுதுபார்க்கப் போயிருந்தார். தலைமை நர்ஸ் காலிக் கட்டிலைப் பார்த்தார். பிறகு அதிகாரியைப் பார்த்தார்.

“நானா? விதியில அப்படி ஒண்ணும் இல்லையே மேடம்.”

“படுக்கக் கூடாதுன்னும் இல்லையே. ஷூவைக் கழட்டுங்க.”

கழற்றினார். வலது கால் சாக்ஸின் ஓட்டை வழியாகக் கட்டைவிரல் எட்டிப் பார்த்து, நிலைமை புரிந்ததுபோல் மடங்கிக்கொண்டது. ஸ்டாப்வாட்ச் தலைமை நர்ஸ் கைக்குப் போயிற்று. “உங்களுக்குப் பேச்சு வராது. வலது பக்கம் அசையாது. சொன்னது புரியும். அவ்வளவுதான்” என்றார் அவர்.

அக்கா கை கழுவினாள், தேய்த்தாள், கழுத்தில் வைத்துப் பார்த்தாள். கட்டிலருகே வந்து, மேடையில் அறிவிப்புச் செய்கிறவர் குரலில், “வணக்கம் ஐயா! நான் இந்த வார்டு உதவியாளர். எல்லாரும் ரேடியோன்னு சொல்வாங்க. நீங்களும் சொல்லலாம்” என்றாள். பிறகு குனிந்து, தன் சொந்தக் குரலில் கேட்டாள்: “இடது பக்கமாத் திருப்பிவிடட்டுமா?”

நிறுத்திக்கொண்டாள்.

அதிகாரி கூரையைப் பார்த்தார். மின்விசிறி சுற்றியது. பத்து விநாடி ஆயிற்று. கதவைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். இருபது. பார்க்க வேறொன்றும் மிச்சம் இல்லாமல் அவளைப் பார்த்தார். அவள் ஏற்கெனவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். புருவத்தை, தொண்டையை, விரிப்பின்மேல் கிடந்த விரல்களை. அவசரப்படுத்தும் பார்வை இல்லை. பாவம் பார்க்கும் பார்வையும் இல்லை. பஸ் எப்படியும் வரும் என்று தெரிந்து நிற்கிறவளின் பார்வை. முப்பதில் அவர் எச்சில் விழுங்கினார். முப்பத்தாறில் இடது கைக் கட்டைவிரல் விரிப்பிலிருந்து ஒரு நூல் உயரம் எழும்பி, மறுபடி படிந்தது.

“வந்துடுச்சு” என்றாள் அக்கா.

அதுவரைக்கும் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. ஒரு கையைத் தோளிலும் இன்னொன்றை இடுப்பிலும் அவள் வைத்தபோதுதான் அதிகாரிக்கு இடுப்பில் கூச்சம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது. பேச்சிழந்த நோயாளி ‘ஹீ’ என்று ஒரு சத்தம் விட்டார். அடக்கினார். அடக்கியது மூக்கு வழியாக வந்தது.

“சார், பக்கவாதம்!” என்று அதட்டினார் தலைமை நர்ஸ்.

“மேடம், அவங்க கை… ஐயோ… முடியல…”

“வலது பக்கம் அசையக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா? காலை உதறாதீங்க!”

“பயப்படாதீங்க ஐயா, நல்லா குணமாகிட்டு வருது” என்று அக்கா சொன்னாள். அவ்வளவுதான். அதிகாரி கட்டிலில் நெளிந்து நெளிந்து சிரிக்க, அக்கா சட்டத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்க, தலைமை நர்ஸ் விருட்டென்று சுவர்ப்பக்கம் திரும்பி அங்கே ஒட்டியிருந்த தீயணைப்பு விதிகளை உற்றுப் படிக்கத் தொடங்கினார். அவருடைய தோள் இரண்டும் குலுங்கின. அந்த நிலையிலும் அக்காவின் முழங்கால் சட்டத்தில் முட்டுக்கொடுத்தது. நோயாளி இடது பக்கமாகப் புரண்டார். முதுகுக்கும் முழங்காலுக்கும் குதிகாலுக்கும் வேண்டியது போய்ச் சேர்ந்தது. நாலு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடி.

அதிகாரி எழுந்து உட்கார்ந்தபோது தலை கலைந்திருந்தது. கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதை நான் வேணும்னு அசைக்கல மேடம்.”

“பின்னே?”

“முதல்ல வெக்கமா இருந்துச்சு. சீக்கிரம் முடிச்சுட்டுப் போனாப் போதும்னு. அப்புறம்… இவங்க நகர மாட்டாங்கன்னு தெரிஞ்சுது. பதில் சொல்லாம இருக்கிறதுதான் கஷ்டமாப் போச்சு.”

தலைமை நர்ஸ் சிவப்புப் பேனாவை எடுத்து, பூஜ்யத்தை அடித்துவிட்டு எட்டு என்று எழுதினார். கூட்டிப் பார்த்தார். “அறுபத்தாறு. ‘பி’. வார்டுலயே இருங்க” என்றார். “காதுல விழுந்துச்சா?”

விழுந்ததா என்று தெரியவில்லை. அக்கா அதற்குள் அதிகாரி படுத்துப் புரண்ட விரிப்பை உருவியெடுத்து, அலமாரியிலிருந்து புதியதை உதறிக்கொண்டிருந்தாள். “அந்தப் பக்கம் பிடிங்க சார்” என்றாள். அவர் ஷூவை மாட்டாமலே போய்ப் பிடித்தார். விரிப்பு ஒருமுறை காற்றில் உப்பி, கட்டிலில் இறங்கியது. தன் பக்கத்து மூலையை அவர் மெத்தைக்கு அடியில் சுருட்டித் திணித்தார். அக்கா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்தாள். அந்த மூலையை ஒரு பார்வை பார்த்தாள். வெளியே இழுத்து, மடிப்பு எடுத்து, மறுபடி செருகினாள்.