கடைமடை நாகஜோதியும் அவள் கடப்பாரையும்

பேரையூருக்கு மேற்கே நாகஜோதியின் அரிவாள் படாத சீமைக்கருவேலம் இருந்தால் அது நேற்று முளைத்ததாக இருக்கும். இருபது வருஷமாக அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுத்தான் அவள் பிழைப்பு. கணவன் செத்துப்போய் எட்டு வருஷம் ஆகிறது. கண்மாயின் கடைமடையில் முக்கால் ஏக்கர் நிலம் இருக்கிறது. தண்ணீர்தான் அதுவரை எட்டிப் பார்த்ததில்லை. கண்மாய் முழுக்க அந்தப் பாழாய்ப்போன கருவேலம் அடைத்துக் கிடந்தால் எங்கிருந்து எட்டும்?

இந்தச் சித்திரையில் ஊர் ஒருவழியாக விழித்துக்கொண்டது. வீட்டுக்கு ஓர் ஆள் இறங்கிக் கருவேலத்தை ஒழிக்க வேண்டும், ஆள் வந்த வீட்டுக்குத்தான் தண்ணீர் முறை என்று முடிவானது. கண்மாய்ச் சங்கத் தலைவர் நல்லகாமன் நோட்டைப் பார்த்துப் பேர்களை வாசித்தார். நாகஜோதியின் பேர் வரவில்லை.

"எம் பேரு எங்கண்ணே?"

"ஆம்பள இல்லாத வீட்டுக்கு விலக்கு தாயி. நீ எதுக்குக் கஷ்டப்படுற?"

"தண்ணிக்கும் விலக்காண்ணே?"

நல்லகாமன் நோட்டை மூடினார். எவ்வளவு பெரிய மனசு பாருங்கள், இரக்கப்பட்டே ஒருத்தியின் வயலைக் காயப்போட்டுவிட்டார்கள்.

மறுநாள் ஊர் ஜேசிபியோடு கண்மாயில் இறங்கியது. யாரும் கூப்பிடாமலே நாகஜோதியும் இறங்கினாள், கடைமடையை ஒட்டிய மூலையில். ஜேசிபி மரத்தை முறித்துத் தள்ளிக்கொண்டே போனது. அவளோ ஒவ்வொரு தூரையும் சுற்றி ஒரு முழம் தோண்டி, கடப்பாரையால் நெம்பி, வேரோடு எடுத்தாள். பொழுது சாயும்போது ஊர் முந்நூறு மரம் சாய்த்திருந்தது. அவள் ஏழு தூர்தான் எடுத்திருந்தாள்.

கொழுந்தன் முறையுள்ள அழகுபாண்டிக்குச் சிரிப்புத் தாளவில்லை. "கருவ போயிருச்சுன்னா உனக்குக் கஞ்சி ஏது மதினி?"

"முறிச்சுப் போட்டா அது எங்க போகும்? மறுபடி தழையும். தழைஞ்சதத் திரும்பத் திரும்ப வெட்டித்தான இருபது வருசமாக் கஞ்சி குடிக்கேன். இம்புட்டு நாளா முள்ளு ஏறுன காலு இது. இனிமே வயக்காட்டுச் சேறு ஒட்டட்டும்."

யார் கேட்டார்கள்! பத்தே நாளில் வேலையை முடித்து, வாட்ஸ்அப்பில் படமும் போட்டுக்கொண்டார்கள். அவள் மூலையை முடிக்க ஆடி பிறந்துவிட்டது.

ஆவணியில் ரெண்டு மழை பெய்தது. இருபதாம் நாள் ஊர் முறித்த தூரெல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர்த்து நின்றது. நாகஜோதியின் மூலையில் மட்டும் வெறும் மண். அவளுக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான், அதை மறைக்கவும் இல்லை.

அன்று சாயங்காலமே நல்லகாமன் நோட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தார். "தாயி, நாளைக்கு மறுபடி இறங்குறோம். தோண்டித்தான் எடுக்கணும்னு பேச்சு. ஊருல இருக்குற கடப்பாரை பத்தாது. உன் கடப்பாரையயும் நாலு நாளைக்குக் குடு."

சுவரில் சாய்ந்திருந்த கடப்பாரையை அவள் கையில் எடுத்துக்கொண்டாள். ஆனால் நீட்டவில்லை.

"கடப்பாரை தனியா வராதுண்ணே. ஆளோடதான் வரும். எம் பேர எழுதுங்க."

"அதுக்கென்ன, போய் எழுதிக்கிறேன்."

"இப்பவே எழுதுங்க. தண்ணி முறையிலயும் எழுதுங்க."

நல்லகாமன் சட்டைப்பையில் பேனாவைத் தேடினார்.