ஸ்போர்ட்ஸ் காரா, டாக்டர் வண்டியா?

ஐம்பத்தெட்டு வயதில் என் வீட்டுக்காரருக்கு ஸ்போர்ட்ஸ் கார் ஆசை வந்தது. அந்த வயதில் சிலர் மலைக்கு மாலை போடுவார்கள், சிலருக்குச் சர்க்கரை வரும். இவருக்கு இது. கடலூர் முதுநகரில், துறைமுகத்துக்குப் போகிற வழியில், விசைப்படகு இன்ஜின்களுக்கு உதிரிபாகம் விற்கும் கடை வைத்திருக்கிறார். முப்பது வருடமாக கிரீஸ் கையோடு மொபெட்டில் கடைக்குப் போய் வந்த மனிதர். பிள்ளைகள் இரண்டும் வேலை கிடைத்து வெளியூர் போனதும், “இனிமே எனக்குன்னு ஒரு வண்டி” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதினால் அது பொய். நிறையச் சொன்னேன்.

வீட்டில் வண்டியே இல்லாமல் இல்லை. பழைய சின்னக் கார் ஒன்று இருக்கிறது. சிதம்பரத்தில் நான் கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளிக்கூடத்துக்கு அதில்தான் போய் வருகிறேன். அது என்னவோ அவர் கணக்கில் கார் இல்லை. அவர் பார்த்து வைத்திருந்தது புதிதாக வந்திருந்த ஒரு சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். விலை கையைக் கடிக்காது என்றார். பின்சீட்டு உண்டா என்று கேட்டேன், உண்டு என்றார். உண்டுதான். அதில் உட்காருவதென்றால் இரண்டு காலையும் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வரவேண்டும்.

இந்த நேரம் பார்த்து என் தம்பி நுழைந்தான். அவன் சிதம்பரத்தில் மனை புரோக்கர். மனை விற்காத நாட்களில் பழைய கார் விற்பான், ஆகவே பெரும்பாலும் கார்தான் விற்பான்.

“மாமா, அந்தப் பொம்மைக்குப் போடற காசுக்கு நம்ம கையில ஜெர்மன் வண்டி ஒண்ணு இருக்கு. எட்டு வருசம்தான் ஆவுது. டாக்டர் வண்டி. வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும்தான் ஓடியிருக்கு. நீங்க எறங்கினா கலெக்டர் எறங்கறாருன்னு நாலு பேரு எழுந்து நிப்பான்.”

இந்த டாக்டர்களை நினைத்தால் எனக்கு ஆச்சரியமாக இருக்கும். நான் கேள்விப்பட்ட பழைய கார் எல்லாமே டாக்டர் ஓட்டியதுதான். இத்தனை காரை வாங்கி, இத்தனை மெதுவாக ஓட்டி, இத்தனை பத்திரமாக விற்கிறவர்கள் வைத்தியம் எப்போதுதான் பார்க்கிறார்களோ தெரியவில்லை.

மூன்று மாதம் வீட்டில் வேறு பேச்சில்லை. காலையில் இட்லிக்கு முன்னால் ஸ்போர்ட்ஸ் கார் ஜெயிக்கும், சாயந்திரம் தம்பி போன் செய்ததும் டாக்டர் வண்டி ஜெயிக்கும். கடைக்கு வருகிற படகுக்காரர்களிடம் “செகண்ட்ஸ் இன்ஜின் வாங்காத, அடுத்தவன் தலைவலிய ஏன் காசு குடுத்து வாங்கற?” என்று பாடம் நடத்துகிற அதே வாய், வீட்டுக்கு வந்ததும் “பழசா இருந்தாலும் ஜெர்மன்காரன் செஞ்சது இல்ல?” என்று உருகும். கடையில் டீ குடிக்க வந்தவர்களிடமெல்லாம் ஓட்டெடுப்பு நடந்தது. கட்டிய பெண்டாட்டிக்கு மட்டும் ஓட்டு இல்லை.

முதலில் ஸ்போர்ட்ஸ் கார். ஓட்டிப் பார்க்கச் சொல்லி புதுச்சேரியிலிருந்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தார்கள். விற்க வந்தவரைப் பின்சீட்டில் மடக்கிப் போட்டுவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கிளம்பினார். தெரு முனை திரும்பவில்லை, இடது பக்கம் இளநீர் வண்டியின் குடைக் கம்பியில் கண்ணாடி இடித்து மடங்கியது. நாலு காய் உருண்டு சாக்கடைக்குப் போனது.

“கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?” என்றேன். இது அன்றைக்குப் புதிதாகச் சொன்னதில்லை. இரண்டு வருடமாக எங்கள் வீட்டில் தினசரிப் புழக்கத்தில் இருந்த வாக்கியம்.

“சீட்டு பள்ளமா இருக்கும்மா. தரையோட தரையா உக்கார வெச்சா பக்கத்துல வர்றது எப்படித் தெரியும்?” என்றார். நாலு இளநீருக்குக் காசு கொடுத்து, காய் இல்லாமல் வீடு திரும்பினோம். தம்பிக்கு ஏக சந்தோஷம்.

அடுத்த ஞாயிறு டாக்டர் வண்டி. சிதம்பரத்திலிருந்து சேத்தியாத்தோப்பு ரோட்டில் ஓட்டிப் பார்ப்பதாக ஏற்பாடு. தம்பி பின்னால், நான் முன்னால். உள்ளே சோபா மாதிரி இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். புவனகிரி தாண்டியதும் அறுப்பு முடிந்த ஊர்கள். ரோட்டின் இடது பாதியில் நீளத்துக்கு நெல்லைக் கொட்டி, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்துக் காயவைத்திருந்தார்கள். மஞ்சளாக, தூரத்திலிருந்தே கண்ணைப் பறிக்கிற நெல். எனக்குத் தெரிந்தது, பின்னால் இருந்த தம்பிக்கும் தெரிந்தது. இவர் எதையும் கவனிக்காமல், தம்பியிடம் ஜெர்மன்காரன் பெருமை பேசிக்கொண்டே போனார். தடதடவென்று கல் மேல் ஏறி, இடது சக்கரம் இரண்டும் நெல்லுக்குள் ஓடி நின்றன.

நெல்லுக்குக் காவலாக உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து வந்தாள். “கண்ணு தெரியலன்னா வூட்டுல கெடக்க வேண்டியதுதான? இம்மாம் பெரிய வண்டி எதுக்கு?” என்றாள். நான் இரண்டு வருடமாகச் சொன்னதைத்தான் அவளும் சொன்னாள். அவளாவது நேராகச் சொன்னாள்.

“இந்தக் கண்ணாடிக்குப் பக்கத்துல இருக்கற கம்பம் தடியா இருக்கு, மச்சான். மறைக்குது. சீட்டும் ரொம்ப ஒசரம்” என்றார் இவர்.

முறத்தை வாங்கி நெல்லைத் திரும்பக் கூட்டிக் கொடுத்துக்கொண்டிருந்த எனக்கு, கை அப்படியே நின்றுவிட்டது. அந்த வண்டியில் சீட்டு பள்ளம், இந்த வண்டியில் சீட்டு உயரம். இரண்டிலும் தெரியாமல் போனது இடது பக்கம். கணக்கு டீச்சருக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இரண்டுக்கும் பொதுவாக இருந்தது ஒரே ஒரு ஆள்தான்.

கண் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்று ஒரு வாரம் அடம். கண்ணாடி மாற்றத்தான் என்று பொய் சொல்லிக் கூட்டிப் போனேன். கிண்ணம் மாதிரி ஒரு மெஷினில் முகத்தை வைத்து, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். நேராகப் பார்க்கவேண்டும், எந்த மூலையில் வெளிச்சம் மின்னினாலும் பட்டனை அமுக்கவேண்டும். வெளியே வந்தவர் என்னிடம் எரிச்சலாகச் சொன்னார்.

“இதுவும் ரிப்பேர் மெஷின்தாம்மா. லைட்டே வரல. பாதி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தேன்.”

மெஷினைப் பார்த்துக்கொள்ளும் பெண் என்னைப் பார்த்தாள். “லைட்டு வந்துக்கிட்டேதான் இருந்துச்சு சார்” என்றாள், மெதுவாக.

கண்ணுக்குள் அழுத்தம் ஜாஸ்தி, நரம்பு கெட்டுப்போய்விட்டது என்றார் டாக்டர். நேர்ப் பார்வை நன்றாக இருப்பதால் இத்தனை நாள் தெரியவில்லை, பக்கப் பார்வை, முக்கியமாக இடது பக்கம், பெரும்பாலும் போய்விட்டது. போனது திரும்பாது. மிச்சத்தைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம். “ரெண்டு வருசம் முன்னாடி வந்திருந்தா நல்லா இருந்திருக்கும். வண்டி மட்டும் இனிமே ஓட்டாதீங்க.”

இரண்டு வருடம். பக்கத்தில் வைத்த தண்ணீர் டம்ளரைத் தட்டிவிட்டபோதெல்லாம் நான் கிண்டல் செய்தேன். கல்யாண வீட்டில் பக்கத்து நாற்காலியில் இருந்த சொந்தக்காரரைக் கவனிக்காமல் போனபோது, பெரிய மனுஷர் ஆகிவிட்டார் என்று நாலு பேர் சிரிக்கிற மாதிரிச் சொன்னேன். இவர் ஒவ்வொரு தடவையும் கூடச் சேர்ந்து சிரித்தார். டாக்டர் எதிரில் எனக்கு வெட்கமாக இருந்தது. அழுதேன். இவர் என் முழங்கையைத் தொட்டு, “வுடும்மா, டாக்டர் பயந்துடப் போறாரு” என்றார்.

அதன்பிறகு அவர் கார் பேச்சை எடுக்கவில்லை. தம்பி போன் செய்தால் எடுக்கவில்லை. “ஓட்ட முடியாதவனுக்கு எதுக்கு வண்டி? ரெண்டும் வேணாம்” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மூன்று மாதம் காது வலிக்கப் பேசியவர் வாயை மூடியதும் வீட்டில் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. புதுச்சேரிக்கு நானே போன் செய்து அந்தச் சிவப்பு வண்டியை வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன்.

“யாரு ஓட்டறது?” என்று கேட்டார் இவர், விஷயம் தெரிந்ததும்.

“நான்தான்.”

“நீயா?” என்றார். அந்த நக்கலைக் கேட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது. நிம்மதியாக இருந்தது.

வண்டி வந்த மறுநாள் காலை, நான் பள்ளிக்கூடம் போகும்போது கூட வந்து ஏறினார். நாலுவழிச் சாலையில் ஐம்பதில் போனேன். பால் வண்டி எங்களைத் தாண்டிப் போனது. வேகத்துக்கென்றே செய்த வண்டியை இப்படி ஓட்டினால் அவர் வாய் சும்மா இருக்காது என்று காத்திருந்தேன். பரங்கிப்பேட்டை ரோடு பிரிகிற இடம் வந்தது. “கொஞ்சம் வேகமாத்தான் போயேன், டீச்சரம்மா” என்றார்.

“எதுக்கு? பெல் அடிக்க நேரம் இருக்கு.”

“ஸ்கூலுக்காவ இல்ல. நேரா பாத்தா எனக்கு நல்லாத்தான் தெரியுது. தெரியற வரைக்கும் ரோடு வேகமா வர்றதப் பாத்துக்கறேன்.”

ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன்.