துவக்கின் அடியில் ஒரு கீறல்

தையல் மெசினுக்கு இன்று எண்ணெய் விட்டபோது, அந்த வாசத்தோடு முசலியில் இருந்த எங்கள் வீட்டு முன்னறை எழுந்து வந்தது. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்து வரும் வாப்பா, சுவர் ஆணிகளின் மேல் கிடக்கும் பழைய இங்கிலாந்து வேட்டைத் துவக்கை இறக்கி, குழலைக் கழற்றிப் பாயில் கிடத்தி எண்ணெய் பூசுவார். நான் அதன் அடிப்பக்கத்தில் கொப்பித் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கத் தேய்க்க, கிரீடங்களும் எழுத்துகளும் எண்களும் மெல்ல மிதந்து வரும்.

"இது ராணிட துவக்கு, மகள்" என்பார். ஊரும் அதை நம்பியது.

சண்டை தொடங்கியதும் துவக்கைப் பொலிசில் ஒப்படைத்தோம். பிறகு ஊரையே விட்டுப் போனோம். புத்தளம் முகாமிலும் நான் தொலைக்காத, அப்படித் தேய்த்தெடுத்த ஒரு தாளை இன்று எனக்கு மூத்த ராத்தாவின் மகனிடம் நீட்டினேன். போனில் வெகுநேரம் தேடினான்.

"கிரீடம் குழலைச் சோதிச்சதுக்கு அடிக்கிற முத்திரை, சாச்சி. ராணிக்கும் இதுக்கும் ஒரு தொடர்பும் இல்ல. இந்த நம்பர் பேட்டன்ட் நம்பர். ஆனா இந்தக் கீறல் மட்டும் எந்த முத்திரைப் பட்டியல்லயும் இல்ல."

வாரந்தோறும் இறக்கி ஏற்றியதில் எங்கள் சுவர் ஆணி தேய்த்த தடம் அது. அந்தச் சுவர் நின்ற இடத்தில் இப்போது பற்றைக்காடு.

கீறலை விரலால் தடவினேன்.

"அது எங்கட வீடு" என்றேன்.