மிக்கேல் அடித்துவிட்டுப் போன காற்று

சைக்கிள் கடைக்கு யாரும் சிரித்த முகத்தோடு வருவதில்லை. வண்டியைத் தள்ளிக்கொண்டு, வேர்த்து வழிந்து, வழியில் யாரையாவது திட்டிக்கொண்டுதான் வருவார்கள். ஓட்டை எங்கே என்று கண்டுபிடிப்பது என் வேலை. திட்டு வாங்குவதும் அதில் சேர்த்திதான். எழுபதுகளில் தூத்துக்குடி பழைய துறைமுகத்துப் பக்கம் கடை வைத்திருந்தேன். உச்சி வெயிலில் காற்று இறங்கிப்போன வண்டியைத் தள்ளிய பாவத்தை நீங்களும் அனுபவித்திருப்பீர்கள் என்பதால் உங்களிடம் சொல்கிறேன்.

எச்சில் காட்டிய ஓட்டை

மிக்கேல் தோணிக்காரர். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப்போகும் பாய்த்தோணியில் வேலை. ஒரே வாரத்தில் மூன்று முறை பின்டயரில் காற்று இல்லாமல் வந்து நின்றார். மூன்று முறையும் வழியில் கிடக்கும் உடைமரத்து முள் மேல்தான் பழி. டியூபைக் கழற்றித் தண்ணீரில் முக்கி, அங்குலம் அங்குலமாக அழுத்திப் பார்த்தேன். ஒரு குமிழி வரவில்லை. ஓட்டை இல்லாத டியூபில் காற்று இறங்கினால் பேய் பிசாசைத் தேடக்கூடாது, வால்வைப் பார்க்க வேண்டும்.

டியூபைத் திரும்ப மாட்டிக் காற்றடித்து, விரலில் எச்சில் தொட்டு வால்வு வாயில் வைத்தேன். எச்சில் மெல்ல உப்பி வெடித்தது. உள்ளே மாட்டியிருக்கும் சின்ன ரப்பர் குழாய், அதுதான் வால்டியூப், வெயிலில் காய்ந்து நீளவாக்கில் கீறிப்போயிருந்தது. புதிதாக ஒன்று வெட்டி மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? முள்ளை வைத வாயாலேயே மிக்கேல் சிரித்தார். "தோணியில ஓட்ட விழுந்தா இருட்டுலயும் தடவிக் கண்டுபிடிச்சிருவேன் அண்ணாச்சி, இந்தச் சுண்டுவிரல் ரப்பரு என்னய ஏமாத்திட்டு."

தோணிக்காரர் வழக்கம்

தோணி ஏறுகிறவர்கள் சைக்கிளை என் கடையில் விட்டுவிட்டுப் போவார்கள். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கிளம்புகிற அன்று தங்கள் கையாலேயே இரண்டு சக்கரத்துக்கும் காற்றடித்து நிறுத்துவார்கள். திரும்பி வந்து அவர்களே எடுக்கும்வரை வேறு யார் கையும் படக்கூடாது. நான் பம்பைத் தொட்டால்கூடப் பதறிவிடுவார்கள்.

நம்பிக்கை எல்லாம் சரி, டயருக்கு அது தெரியுமா? எவ்வளவு நல்ல வால்டியூப் போட்டாலும் எட்டுப் பத்து நாளில் காற்று குறையத்தான் செய்யும். காற்றில்லாமல் ரிம்மின் மேல் நின்ற டயர், மடிந்த இடத்தில் வெடித்துப்போகும். அதனால் சனிக்கிழமைதோறும் யாருக்கும் தெரியாமல் எல்லா வண்டிக்கும் நானே நிரப்பி வைப்பேன். வந்து பார்க்கிறவர்களுக்கு டயர் கல் மாதிரி இருக்கும். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். கடைசியாகப் போகும்போது மிக்கேலும் தாமே அடித்து, டயரைத் தட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார். "நான் அடிச்ச காத்து நிக்குத வரைக்கும் நானும் நல்லாருக்கேன்னு வச்சுக்கிடுங்க அண்ணாச்சி."

உள்பக்கத்து ஓட்டை

மீன் விற்கிற சூசை, ரோடு சரியில்லை என்று ஊரையே வைதுகொண்டு வந்தான். டியூபில் ஓட்டை தரைப்பக்கம் இருந்தால் ரோட்டைத் திட்டலாம். இவனுக்கு ரிம்பக்கம் இருந்தது. மீன்கூடையிலிருந்து வடிந்த உப்புத்தண்ணீர் ரிம்மைத் தின்று, துரு டியூபைக் குத்தியிருந்தது. ரோடு ஒரு பாவமும் செய்யவில்லை, உன் கூடைதான் காரணம் என்றேன். வழக்கமாக மல்லுக்கு நிற்கிறவன், அன்று அப்படியே குத்தவைத்து உட்கார்ந்தான்.

ஒட்டுப் போட்டு முடித்தேன். அப்போதும் எழுந்திருக்கவில்லை. உள்ளே நின்ற மிக்கேலின் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தவன் மெதுவாகச் சொன்னான். "ஒரே நாள்ல பாய் விரிச்ச தோணியெல்லாம் கொழும்பு போய்ச் சேந்துட்டு அண்ணாச்சி, மிக்கேலு போன தோணி மட்டும் போகல."

டயரை அமுக்கிப் பார்த்தவள்

அதன்பிறகு மிக்கேலின் மனைவி ரோசம்மாள் வர ஆரம்பித்தாள். முன்டயரைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பாள், போய்விடுவாள். மாதங்கள் ஓடின. மாதா கோயிலில் இறந்தவருக்கான பூசை வைத்துவிடலாம் என்று கொழுந்தனும் உறவுக்காரர்களும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் சம்மதிக்கவில்லை. அவர் அடித்த காற்று அப்படியே இருக்கும்போது எதற்குப் பூசை என்று கேட்டாளாம்.

காற்று என்னுடையது. சொன்னால் அவளிடம் இருக்கும் ஒரே பிடியும் போய்விடும். சொல்லாவிட்டால் அழவேண்டியவளை அழவிடாமல் வைத்திருக்கிறேன். ஒரு சனிக்கிழமை வேண்டுமென்றே அந்த வண்டியைத் தொடவில்லை. இரண்டு நாள் கழித்து நானே அமுக்கிப் பார்த்தேன்; கொஞ்சம் இளகியிருந்தது. மனசு கேட்கவில்லை, பம்பை எடுத்துவிட்டேன். அன்று மாலையே வந்து அமுக்கிப் பார்த்தாள். "அவிய காத்து அப்படியே இருக்கு அண்ணாச்சி."

வால்வைத் திறந்தபோது

அடுத்த வருடத்து வாடைக்காற்று தொடங்கிய சமயம். அன்று ரோசம்மாள் டயரை அமுக்கவில்லை. வண்டிமுன் உட்கார்ந்து, முன்சக்கரத்து வால்வின் திருகைத் தன் கையாலேயே கழற்றினாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. முழுவதும் அடங்கும்வரை முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டிருந்தாள். பிறகு பின்சக்கரம். நான் பம்பைப் பிடித்தபடி நின்றேன். எத்தனையோ ஆயிரம் டியூபில் காற்று இறங்குவதைக் கேட்டவன்தான். அன்று அந்தச் சத்தத்தைக் கேட்க முடியவில்லை.

மறுநாள் காலை மிக்கேலுக்குப் பூசை வைக்கக் கோயில் சாமியாரிடம் சொல்லிவிட்டதாகவும், உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் தன் அண்ணன் இனி இந்த வண்டியை எடுத்துக்கொள்வார் என்றும், புதிதாகக் காற்றடித்துத் தரும்படியும் சொன்னாள். இரண்டு சக்கரத்திலும் பழைய வால்டியூபை உருவிப் புதிது மாட்டினேன். அதற்குமேல் அடக்க முடியாமல், இதுவரை நின்ற காற்று... என்று ஆரம்பித்தேன். அவள் முடிக்கவிடவில்லை. "வீட்ல நிக்கையிலயே எட்டு நாளு தாங்காத வண்டி இது, அவியளுக்குப் பம்பு பிடிச்சுக் குடுத்தவ நான். நீங்கதான் அடிக்கியன்னு மொதல்லயே தெரியும் அண்ணாச்சி. அவிய வருவாவன்னு நம்பித்தான் நீங்களும் அடிக்கியன்னு நெனச்சேன்."

ஓட்டையைக் கண்டுபிடிப்பதுதான் என் தொழில் என்று பெரிதாகச் சொல்லிக்கொள்வேன். ஓட்டையே இல்லாத அந்த வண்டிக்குத்தான் என் வாழ்நாளில் அதிகமாகக் காற்றடித்திருக்கிறேன்.