குழாயைச் சுற்றி ஒரு விரல் இடைவெளி

கொழுந்தனின் மனைவி தலைப்பிரசவத்துக்காகக் கெங்குவார்பட்டியில் தன் தாய்வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில்தான் எங்கள் அடுப்படியில் புகைபோக்கி வைத்தோம். காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். பக்கவாட்டில் குழாயை விட வழியில்லை. அதனால் கொத்தனார் அடுப்படியின் மேல்தளத்தை உடைத்து, இரும்புக் குழாயை நேரே ஏற்றி, கொழுந்தன் குடியிருந்த மாடி அறையின் மூலை வழியாகக் கூரைக்கு வெளியே கொண்டுபோனார்.

வீட்டில் கேஸ் உண்டு. ஆனாலும் திராட்சைக் கொடியில் கவாத்து முடிந்தால் தோட்டத்தில் குச்சி மலைபோலக் குவிந்துவிடும். வெந்நீருக்கும் சோற்றுக்கும் அதைத்தான் எரிப்பேன். பல வருஷம் புகைக்குள் நின்றதில் என் கண்கள் எப்போதும் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தன. குழாய் வந்த பிறகுதான் அரிசி கொதிப்பதை முழுக்கண் திறந்து பார்த்தேன். அந்தச் சந்தோஷத்தை வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஐந்தாம் மாதம் பிள்ளையோடு அவள் வந்து சேர்ந்தாள். ஆடி பிறந்து, குமுளிப் பக்கமிருந்து காற்று இறங்கி நாள் முழுக்க அடித்தது. நான் புழக்கடைக் கதவைத் திறந்து வைத்துச் சமைப்பேன். பிள்ளைக்கு இருமல் விடவே இல்லை. கம்பத்தில் டாக்டரிடம் காட்டினோம். சளிதான், வீட்டில் தூசியும் புகையும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். புகைதான் குழாய் வழியே போய்விடுகிறதே என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவள் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலையில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டப் பிள்ளையைத் தூக்கிவர மாடிக்குப் போனேன். அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தொட்டிலைக் குழாயிருக்கும் மூலையிலிருந்து வாசற்படிக்கே நகர்த்தியிருந்தாள். குழாயின் அடியைச் சுற்றி ஈரத் துண்டுகளைத் திணித்து வைத்திருந்தாள். ஒன்றை உருவினேன். குழாயைத் தொட்டிருந்த பக்கம் தீய்ந்து பழுப்பேறியிருந்தது. உருவிய இடத்தில், தளத்துக்கும் குழாய்க்கும் நடுவே ஒரு விரல் போகிற இடைவெளி. கொத்தனார் பூசாமல் விட்டது. புழக்கடைக் காற்று தள்ள, அதன் வழியே என் அடுப்படிப் புகை நூலாக மேலே ஏறியது.

அவள் வந்து நின்றாள். துண்டைக் காட்டி, "ஏன் புள்ள எங்கிட்டச் சொல்லல?" என்றேன்.

முதலில் தூசிக்காக அடைத்தேன் என்றாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். "பைப்பு வச்ச பெறகுதான்க்கா ஒங்க கண்ணு வெள்ளையா இருக்கு. நான் சொன்னா நீங்க அடுப்பையே அமத்திப்பிடுவீங்க."

பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கீழே வந்தேன். அவள் பயந்தபடியே அடுப்பில் தண்ணீரைத் தெளித்து அணைத்தேன்.

அன்று என் வீட்டுக்காரர் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பை நிறுத்திவிட்டு வந்ததும் விஷயத்தைச் சொன்னேன். தீய்ந்த துண்டைப் பார்த்துப் பயந்துபோனார். உடனே சிமெண்டைக் குழைத்து இடைவெளியை அடைத்தார். காய்ந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்ததும் குழாயைச் சுற்றி மயிரிழைபோல விரிசல் விட்டது. மறுபடி அதே நூல் புகை.

"இரும்பு சூட்டுல விரியும், சிமெண்டு விரியாது. சைலன்சருக்குப் போடுற பேஸ்ட்டுதான் இதுக்குத் தாங்கும்" என்று கம்பத்துக்குப் போய் மெக்கானிக் கடையில் வாங்கிவந்தார். சிமெண்டைக் கொத்தி எடுத்தோம். தகரத்தைக் குழாய்க்குத் தக்க அரைவட்டங்களாக வெட்டி, அடுப்படி மேல்தளத்தின் அடிப்பக்கம் திருகாணி போட்டு முடுக்கினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன். மேலே இருந்து அவள் காய்ந்த மணலைக் கை கையாக இடைவெளிக்குள் சொரிந்தாள். கொழுந்தன் அதன்மேல் இன்னொரு தகரம் வைத்து மூடினார். இரண்டு பக்கமும் ஓரத்தில் சிவப்புப் பேஸ்ட்டை விரலால் இழுத்துப் பூசினோம். பிள்ளை தவழும்போது சுட்டுவிடக் கூடாதென்று மாடியில் குழாயைச் சுற்றிக் கம்பிவலையும் அடித்தார்கள்.

பேஸ்ட் இறுகியதும் அடுப்பை மூட்டி, புழக்கடைக் கதவையும் திறந்துவிட்டு மாடிக்கு ஓடினேன். அவள் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி, வலைக்குள் கையை நுழைத்துக் குழாயின் அடியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு போனாள். எங்காவது காற்று கசிந்தால் புகை சாயும். முழுச் சுற்றும் வந்தாள். புகை நிமிர்ந்தே நின்றது. அவள் ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டு, பேஸ்ட் அப்பியிருந்த என் விரல்களைத் தன் முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள். காய்ந்துபோன பேஸ்ட் எங்கே போகிறது? அவளும் விடவில்லை, நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அடுத்த வாரத்துக்குள் பிள்ளையின் இருமல் அடங்கிவிட்டது. ஒருநாள் காலையில் நான் அடுப்பைப் பற்றவைக்கும்போதே அவள் பிள்ளையோடு இறங்கி வந்து அடுப்படிக் கதவோரம் உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் தூங்கியிருக்கலாமே என்றேன்.

"ஓட்டை இருந்தவரைக்கும் நீங்க பாத்திரத்த உருட்டுறது, ஒங்களுக்கு நீங்களே பேசுறது எல்லாம் மேல கேக்கும்க்கா. இப்ப ஒண்ணுமே கேக்கல. ஆளில்லாத மாதிரி இருக்கு."

எனக்கு நானே பேசிக்கொள்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரியும். என்ன பேசுவேன் என்று கேட்டேன். அவள் சிரித்தாளே தவிரச் சொல்லவில்லை. பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு, பால் காய்ச்சப் பாத்திரம் எடுக்கப் போனாள்.