ஹீற்றருக்கு ஒதுக்கிய காசு

டென்மார்க்கின் இக்காஸ்ட் நகரில் எங்கள் வீட்டிலேயே குழந்தைகள் பராமரிப்பு நிலையம் தொடங்கியபோது, செலவுக் கணக்கை நான்தான் போட்டேன். யாழ்ப்பாணத்தில் கடை நடத்திய குடும்பத்தில் பிறந்தவள். கணக்கு எனக்குத் தண்ணீர் பட்டபாடு. குழந்தைகள் படுக்கும் அறைக்குத் தடித்த திரைச்சீலை, கம்பளம், பெரிய ஹீற்றர் என்று பாதிக் காசு போயிற்று. குளிர் நாட்டில் சூடுதானே முக்கியம்?

முதல் நாள், தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒரு டெனிஷ்காரி கைக்குழந்தையோடு வந்தாள். அறையைப் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"வடிவான அறை. ஆனால் இவன் வெளியிலைதான் நித்திரை கொள்ளுவான். வண்டில் எங்கை?"

வெளியே பனி கொட்டிக்கிடந்தது.

"இந்தக் குளிருக்குள்ளையோ?"

"குளிரிலைதான் நல்லா நித்திரை வரும். இஞ்சை எல்லாப் பிள்ளையளும் அப்பிடித்தான்."

குழந்தையைப் படுக்கவைத்துத் தள்ளும் வண்டில் என் கணக்கிலேயே இல்லை. அவள் கோபிக்கவில்லை, தன் வண்டிலை விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். குழந்தை முற்றத்தில் சுகமாகத் தூங்கியது. நான்தான் ஓடி ஓடி அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தேன்.

"இஞ்சாரும், ஹீற்றரைத் திருப்பிக் குடுப்பமே?" என்றார் கணவர் அன்று மாலை.

"வேண்டாமப்பா, இருக்கட்டும். பிள்ளை வருவாள்."

எங்கள் மகள் யாழ்ப்பாணத்தில் என் தங்கையிடம் இருந்தாள். தமிழ் அகதிகள் தங்கள் குடும்பங்களை அழைக்கக் கொடுத்த மனுக்களை டெனிஷ் அரசாங்கம் கிடப்பில் போட்டிருந்த காலம் அது.

பழைய வண்டில்களாகப் பார்த்து வாங்கினேன். நிலையம் நிறைந்தது. ஒருவழியாக மகளும் வந்தாள், குளிரில் பல்லுக் கிட்டியபடி. அந்த அறையில் ஹீற்றரைப் போட்டு அவளைப் படுக்கவைத்தேன்.

தொழிலுக்குப் போட்ட கணக்கு பிழைதான். ஆனால் அந்தச் செலவை யாருக்காக எழுதினேன் என்று எனக்குத் தெரியும்.